பணிஸ் வழக்கில் ஆறாம் ஜூரர்

கூடச் சேர்ந்து குற்றம் செய்தவன் பிறகு வந்து சாட்சி சொன்னால் அந்தச் சொல்லை எப்படி நிறுத்துப் பார்க்கிறது என்று எனக்கு முதன்முதல் சொல்லித் தந்தவர் ஒரு நீதிபதி. போன வருஷம், மாசி மாசம் பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணி. சும்மா ஆள் இல்லைப் பிள்ளை, மேல் நீதிமன்ற நீதிபதி. அங்கி போட்டுக்கொண்டு உயரத்திலே இருந்து என்னைப் பார்த்துச் சொன்னவர். ஏழு ஜூரிமாருக்கும் சேர்த்துத்தான் சொன்னவர் என்று மற்ற ஆறு பேரும் சொல்லுவினம். சொல்லட்டும். பார்த்தது என்னை.

இதை வெளியிலே ஒருத்தருக்கும் கதைக்கக்கூடாது என்று பதிவாளர் அழுத்திச் சொல்லித்தான் எங்களை விட்டவர். நானும் கதைக்கவில்லை. இவருக்குச் சொன்னேன், அது வீடு. தங்கச்சிக்குச் சொன்னேன், அவள் கேட்ட கையோடு மறந்துபோவாள். செபக் கூட்டத்திலே ஒரு பதினாலு பேர், அவை செபிக்க வேணும் என்றால் விஷயம் தெரியத்தானே வேணும். இப்ப உங்களுக்கு. பஸ்ஸிலே பக்கத்திலே இருக்கிற ஆளுக்குச் சொன்னால் அது சொன்னதிலே சேராது. தள்ளி வசதியாய் இருங்கோ, பிள்ளை. ஆஸ்பத்திரிச் சந்தி வரைக்கும் போறீங்கள்தானே, நேரம் இருக்கு.

நான் எட்டாம் வகுப்பு. மூன்று பிள்ளைகளை வளர்த்து, மூன்றையும் படிப்பித்து, ஒன்று நோர்வே, ஒன்று வவுனியா வங்கி, மகள் மன்னாரிலே ரீச்சர். ஆனால் நான் எட்டாம் வகுப்பு. ஒரு நாள் காலையிலே கோர்ட் ஆள் சைக்கிளிலே வந்து கடுதாசி நீட்டினான். இவர் வாங்கிப் பார்த்துவிட்டு எங்களுக்கு மேலே ஆரோ வழக்குப் போட்டுவிட்டினம் என்று கதிரையிலே இருந்துவிட்டார். நான் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்துவிட்டேன். பிறகு பக்கத்து வீட்டுப் பெடிச்சி வாசித்துச் சொன்னாள்: அன்ரி, உங்களுக்கு வழக்கில்லை, நீங்கள்தான் வழக்குத் தீர்க்கப் போறீங்கள்.

எனக்கு அன்றைக்கு இரவு நித்திரை இல்லை, பாருங்கோ. பயத்திலே இல்லை. எந்தச் சீலை கட்டுகிறது என்று.

கோர்ட்டிலே சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுக்கிறது. என் பெயரைக் கூப்பிட்டு வேதப் புத்தகத்தைக் கையிலே தந்து சத்தியம் வாங்கினார்கள். அன்று தொடக்கம் நான் ஆறாம் இலக்க ஜூரர். மெத்தை வைத்த கதிரை. பத்தரைக்குத் தேத்தண்ணியும் கிறீம் கிராக்கரும். நாற்பது வருஷமாய் நான் மற்றவைக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்த ஆள். எனக்கு ஒருத்தன் தட்டிலே கொண்டுவந்து நீட்ட, எடுக்கத் தெரியாமல் தட்டையே வாங்கிவிட்டேன். பக்கத்திலே இருந்த புவனம் மிஸ்ஸி, ஓய்வுபெற்ற தாதி அவ, கோப்பையை மட்டும் எடுங்கோ அக்கா என்று காதுக்குள்ளே சொன்னவ.

வழக்கு என்னவென்றால், கொலை முயற்சி. முகத்தைச் சுருக்காதேங்கோ, ஒருத்தரும் சாகவில்லை. சாகப் பார்த்தவர் ஆறு நாளும் முன் வாங்கிலே வந்திருந்து வயிற்றைத் தடவி ஏவறை விட்டுக்கொண்டிருந்தவர். பேரின்பநாயகம் என்று பெயர், பேக்கரி முதலாளி. அவருக்குப் போட்டி, அடுத்த தெருவிலே தவமலர் பேக்கரி. தவமலர் தனிய நின்று நடத்துகிற மனுசி, ஐம்பத்திரண்டு வயது. கோர்ட்டிலே குற்றம் சாட்டப்பட்ட ஆளுக்கு எதிரி என்று பெயர். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவேயில்லை. ஆருக்கு எதிரி? என்னிலே அவவுக்கு என்ன கோபம்?

பேரின்பநாயகம் ஓட்டோவிலே பாணை ஏற்றி, பாட்டுப் போட்டுக்கொண்டு தவமலரின் தெருவுக்குள்ளேயே வரத் தொடங்கிவிட்டார். அவவுக்கு வியாபாரம் விழுந்துபோச்சு. ஒரு நாள் காலையிலே தவமலரின் பேக்கரியிலே பாண் சுடுகிற போறணையை எரிக்கிற கிருபாகரன், பேரின்பநாயகத்தின் பிறந்தநாளுக்கென்று சீனிச்சம்பல் அடைத்துச் சுட்ட இரண்டு பணிஸ் கொண்டுபோய்க் கொடுத்தவன். உள்ளே அலரி விதை அரைத்துக் கலந்திருக்கு. மனுசன் பதினொரு நாள் ஆஸ்பத்திரியிலே கிடந்தார்.

போட்டிக்காரியின் பணிஸை ஏன் சாப்பிட்டீர்கள் என்று தவமலரின் சட்டத்தரணி கேட்டவர். எப்படித்தான் செய்கிறாள் என்று பார்க்க ஒன்றைச் சாப்பிட்டாராம். அப்ப இரண்டாவதை? பேரின்பநாயகம் மேலே விசிறியைப் பார்த்தார். சத்தியம் செய்துவிட்டாரே, என்ன செய்கிறது. முதலாவது நல்லாய் இருந்தது என்றார். எதிரிக் கூண்டுக்குள்ளே தவமலர் தலையைக் குனிந்தவ. எல்லாரும் வெட்கம் என்று நினைத்தினம். நான் வடிவாய்ப் பார்த்தேன், பிள்ளை. சிரித்தவ.

பிறகு கிருபாகரன் வந்தான். நஞ்சு கலந்தது நான், கொண்டுபோனது நான், ஆனால் செய்யச் சொன்னது தவமலர் அக்கா என்று சொன்னவன் அவன். பேரின்பநாயகத்திடம் ஆறு வருஷம் வேலை செய்து, அவர் அடித்துத் துரத்திவிடத்தான் தவமலரிடம் வந்து சேர்ந்தவன். உண்மை முழுவதையும் சொன்னால் உனக்கு வழக்கில்லை என்று அரசாங்கத்தின் சட்டமா அதிபர் அவனுக்கு மன்னிப்புக் கொடுத்துவிட்டார். வெள்ளைச் சேர்ட்டும் சந்தனப் பொட்டுமாய் நின்று அழுதான். எனக்கு மனசு உருகிப்போச்சு. என் இளையவன் யூட்டின் சாயல் வேற. ஒரு பாவி மனம் திரும்பி, நூறு பேருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்கிறான். நாங்கள் அந்தச் சின்னக் கூட்டுக்குள்ளே முழந்தாளிலே நின்று பங்குச் சுவாமியின் காதுக்குள்ளே சொல்லவே பாதியை விழுங்கிப்போடுகிறோம். இப்படி நின்று சொல்லுகிறவன் பொய் சொல்லுவானோ என்று நினைத்தேன்.

ஆறாம் நாள்தான் நான் முதலிலே சொன்ன செவ்வாய்க்கிழமை. நீதிபதி எங்களுக்கு விளங்கப்படுத்தினார். குற்றத்துக்கு உடந்தையாய் இருந்தவனை நம்பக்கூடாது என்று சட்டம் இல்லையாம், நம்பலாமாம். ஆனால் தன் தலை தப்ப இன்னொருவர் தலையைக் காட்டுகிறவனும் உலகத்திலே இருக்கிறானாம். ஆகவே அவன் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது ஆபத்து. வேறு இடத்திலிருந்து வருகிற சாட்சியம் அதைத் தாங்குதோ என்று பாருங்கள், அந்தத் தாங்கல் இந்த எதிரியைத் தொடவேணும் என்றார். எழுதிப் பார்க்கக் கடுதாசி தந்திருந்தினம். நான் தொடவேணும் என்று மட்டும் எழுதிக் கீழே கோடு போட்டேன். அதற்கு மேலே எனக்கு விளங்கவில்லை.

பிறகு எங்களை ஓர் அறைக்குள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டினம். மத்தியானச் சாப்பாடு வந்தது. ஆறு பேருக்குக் கோழி, எனக்கு மரக்கறி, செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்காக நான் மச்சம் தொடுகிறதில்லை. இதெல்லாம் எதற்குச் சொல்லுகிறேன் என்றால், அவ்வளவு சந்தோஷமாய்ச் சாப்பிட்டேன். ஒரு மனுசி இருபது வருஷம் மறியலிலே அடைபடுறதோ, வீட்டுக்குப் போறதோ என்று தீர்மானிக்க வேண்டிய நேரம். எனக்கென்றால் கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு. கடவுள் மன்னிக்கட்டும்.

எங்களுக்குத் தலைவர் இராசநாயகம் மாஸ்டர். கணக்குப் படிப்பித்தவர், கணக்கு மாதிரித்தான் கதைப்பவர். அலரிக் கொப்பு முறித்த இடத்தைக் கிருபாகரன் காட்டினான், பொலிஸ் போய்ப் பார்க்க முறிந்திருந்தது. தன் வீட்டு அம்மியிலே அரைத்தேன் என்றான், அம்மியிலே நஞ்சு இருந்தது. எத்தனை மணிக்குப் போனான், எந்தச் சைக்கிள், என்ன பையிலே கொண்டுபோனான், எத்தனை பணிஸ், பேரின்பநாயகம் என்ன உடுத்திருந்தார், எல்லாம் சரி. மாஸ்டர் விரல் மடித்துக் காட்டினார்.

"ஏழு கணக்குச் செய்தான், ஏழும் சரி. எட்டாவதாய், செய்யச் சொன்னது தவமலர் எண்டு சொன்னான். ஏழைச் சரியாய்ச் செய்த பிள்ளை எட்டாவதைப் பிழைவிடுமோ?"

எனக்கு அது சரியாய்ப் பிடித்துக்கொண்டது. சட்டம் என்னவென்றால், எங்கள் ஏழு பேரிலே ஐந்து பேராவது ஒரு பக்கம் நிற்கவேணும். மாஸ்டர் ஒவ்வொருவராய்க் கேட்டுக்கொண்டு வந்தார். நாலு பேர் குற்றவாளி என்றினம். புவனம் மிஸ்ஸியும், ஒரு நாளும் வாய் திறக்காத ஒரு பெடியனும் சுற்றவாளி, குற்றமில்லை என்றினம். கடைசியாய் நான். நான் குற்றவாளி என்றால் ஐந்து. முடிஞ்சுது. மாஸ்டர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஆறு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தினம், பிள்ளை. என் வீட்டிலே என்ன கறி என்று கேட்கிறதற்குக்கூட ஒருத்தரும் என் வாயைப் பார்த்ததில்லை.

உடனே சொல்லிவிட்டால் அந்தச் சந்தோஷம் முடிந்துபோய்விடும். அதனாலே ஒரு கதை சொன்னேன். பாலன் பிறக்கிற நத்தாருக்குச் சுவாமிக்குக் கொடுக்கவென்று பயித்தம்பணியாரம் சுட்டுத் தகரத்திலே போட்டு வைத்தேன். தகரத்தோடு காணவில்லை. சின்னவன் யூட்டைப் பிடித்து உலுக்க, அண்ணா எடுக்கச் சொன்னவர் என்றான். தகரம் எங்கே என்றேன், கோழிக் கூட்டுக்குள்ளே என்றான். போய்ப் பார்த்தால் கோழிக் கூட்டுக்குள்ளே. எத்தனை தின்றாய் என்றேன், ஒன்பது என்றான். எண்ணிப் பார்த்தால் சரியாய் ஒன்பது குறைவு. சின்னவன் சொன்னதெல்லாம் சரியாய் இருந்ததாலே மூத்தவன் றெஜினோல்டைப் பூவரசந் தடியாலே அடித்தேன். ஆகவே மாஸ்டர் சொல்லுகிறது சரி, நான் அனுபவத்திலே கண்டது என்று சொல்லி முடித்தேன்.

நல்லாய்ச் சொன்னேன் என்று எனக்கே பெருமை. புவனம் மிஸ்ஸி மெல்லமாய்க் கேட்டவ.

"அக்கா, தகரம் எங்கே எண்டு எடுத்தவனுக்குத் தெரியும்தானே. மூத்தவன் சொன்னதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"சின்னவன்தான்."

"வேற ஆர்?"

ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற ஐயா ஒருவர், குற்றவாளி என்று சொன்ன நாலு பேரிலே ஒருவர், களுக்கென்று சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் செபிக்கிறது வழக்கம். எனக்கு இரண்டு நிமிஷம் தாங்கோ, செபித்துவிட்டுச் சொல்லுகிறேன் என்றேன். மாஸ்டர் பேனையை மூடினார்.

பாவத்துக்கு மனஸ்தாபப்படுகிற செபத்தை மனசுக்குள்ளே சொன்னேன். நீங்கள் வேதக்காரர் இல்லைப்போல, உங்களுக்குத் தெரியாது. அந்தச் செபத்திலே ஓர் இடத்திலே நெஞ்சிலே மூன்று தரம் தட்டவேணும். தட்டினேன். இரண்டாம் தரம் தட்டுகிற நேரம் எனக்கு ஓடி வெளித்தது, விளங்கிப்போச்சு பாருங்கோ. நான் தட்டுகிறது என் நெஞ்சிலே. பக்கத்து வாங்கிலே இருக்கிற மனுசியின் நெஞ்சிலே ஒருத்தரும் தட்டுகிறதில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், சுவாமி, என் மச்சாள் செய்த பாவம் என்னவென்றால் என்று ஒருக்கால் நான் தொடங்க, உன்னுடையதைச் சொல்லு பிள்ளை என்று சுவாமி நிறுத்தினவர். கிருபாகரன் அழுதது உண்மை. ஆனால் தட்டினது தவமலரின் நெஞ்சிலே. அது மட்டுமோ, நாங்கள் பாவத்தைச் சொன்ன பிறகுதான் மன்னிப்பு. அவனுக்கு மன்னிப்பை முதல் கையிலே கொடுத்துவிட்டுப் பாவத்தைச் சொல்லு என்றிருக்கினம். எங்கள் சுவாமியிடம் அப்படிக் கேட்டுப் பாருங்கோ, கூட்டை விட்டு எழும்பி வந்துவிடுவார்.

நான் கண்ணைத் திறந்து சொன்னேன்.

"அந்த ஏழும் அவன்ர கொப்பிக் கணக்கு, மாஸ்டர். அவன்ர அம்மி, அவன்ர சைக்கிள், அவன்ர பை. தவமலரைத் தொடுற கணக்கு எது?"

எங்கிருந்து வந்ததோ தெரியாது. பரிசுத்த ஆவி என்றுதான் நான் நினைக்கிறேன். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பணிஸ் தவமலரின் போறணையிலே வெந்தது என்றார். போறணை எரிக்கிறவனே அவன்தானே என்றா மிஸ்ஸி. அலரி தவமலரின் வேலியிலும் நிற்குது என்றார். என் வீட்டு வேலியிலும் நிற்குது என்றேன். கோயில் வாசலிலும் நிற்குது என்றார் ஹார்ட்வெயார் ஐயா. ஐயா சாய்கிறார் என்று எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

அப்பதான் மாஸ்டர் ஒன்று எடுத்துப் போட்டார். பாண் வாங்க நின்ற முப்பது பேருக்கு முன்னால், பாட்டுப் போட்டுக்கொண்டு இனி இந்தத் தெருவுக்குள்ளே வந்தால் நஞ்சு வைத்துக் கொல்லுவேன் என்று தவமலர் சொன்னவ. மூன்று சாட்சி அதைக் கேட்டது. அவவே ஒத்துக்கொண்டவ. இது கிருபாகரன் சொன்னது இல்லை, வேறு இடத்திலிருந்து வருகுது, தவமலரைத் தொடுகுது. தொடுகுதோ இல்லையோ என்று என்னைக் கேட்டார்.

தொட்டது, பிள்ளை. நான் கடுதாசியிலே போட்ட கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு உள்ளதைச் சொன்னேன். இவர் சாப்பாட்டுக்கு வராமல் கடுதாசிச் சீட்டு விளையாடப் போகிற நாளெல்லாம், ஒரு நாளைக்குச் சோற்றுக்குள்ளே நஞ்சைப் போட்டுத் தருவேன் என்று நானும் சொல்லுகிறனான். நாற்பத்தொரு வருஷமாய்ச் சொல்லுகிறேன், மனுசன் நல்ல சுகமாய் இருக்கிறார். எல்லாரும் சிரித்தினம். மாஸ்டரும். ஆனால் மிஸ்ஸி சிரிக்கவில்லை. அந்த முப்பது பேருக்குப் பாண் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றவன் ஆர் என்று கேட்டவ. கிருபாகரன். அவ வாயால் சொன்னதை அவன் காதால் கேட்டவன். பேரின்பநாயகம் தன்னை அடித்த கோபத்துக்கு அவனே செய்துவிட்டு, பழிபோட ஒரு தலை தேடியிருந்தால், அந்தத் தலை அன்றைக்கே தயார். அவன் செய்தான் என்று நான் சொல்லவில்லை, அப்படி இல்லை என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்றா மிஸ்ஸி.

ஹார்ட்வெயார் ஐயா கையைத் தூக்கினார். அவரைப் பார்த்து இன்னொருவர். ஐந்து பேர் சுற்றவாளி. மாஸ்டர் மாறவில்லை, கடைசிவரைக்கும் மாறவில்லை. ஆனால் பத்து நிமிஷத்திலே கோர்ட்டிலே எழும்பி நின்று, எதிரி சுற்றவாளி என்று ஒரு பிசிறில்லாமல் வாசித்தவர் அவர்தான். நல்ல மனுசன்.

பேரின்பநாயகம் எழும்பி, அப்ப நான் என்ன, தானாய் எடுத்துத் தின்றனானோ என்று கேட்டார். தானாய்த்தானே எடுத்துத் தின்றவர். தவமலர் அழவில்லை. எங்கள் ஏழு பேரையும் ஒவ்வொருவராய்ப் பார்த்துவிட்டுச் சட்டத்தரணியிடம் நேரம் கேட்டவ. நாலேகால் என்றார். பின்னேரப் பாணுக்குப் பிந்திவிட்டது என்றா.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலே சரியான சனம். ஒரு பெடியன் எழும்பி எனக்கு இடம் தந்தான். நல்லாயிரு தம்பி என்று சொல்லி இருந்து நிமிர்ந்து பார்த்தால், கிருபாகரன். அவனுக்கும் வழக்கில்லை, அவவுக்கும் வழக்கில்லை. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

அந்தக் கிழமையே நோர்வேக்குப் போன் எடுத்து, பயித்தம்பணியாரம் எடுக்கத் தம்பிக்குச் சொன்னது நீதானோ என்று றெஜினோல்டைக் கேட்டேன். எந்தப் பணியாரம் என்று கேட்டான். பிறகு, அந்த நத்தாருக்கு எனக்கு உடம்பெல்லாம் கொப்புளிப்பான், அம்மா, நான் பாயை விட்டு எழும்பேல்லை என்றான். முப்பது வருஷத்துப் பழைய வழக்கு, நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரித்தானோ தெரியவில்லை. அங்கே பனிக்காலம், லைன் தெளிவில்லை.

ஆனால் பாருங்கோ, நாங்கள் விட்டாலும் ஊர் விடவில்லை. தவமலரிடம் ஒருத்தரும் பாண் வாங்குகிறதில்லை. எல்லாரும் பாட்டு ஓட்டோவுக்குப் பின்னாலே. இப்படியே போனால் பெரிய வெள்ளிக்கு முன்னம் போறணையை அணைக்க வேண்டியதுதான் என்று போன கிழமை ஆருக்கோ சொன்னவவாம். நான் சனிக்கிழமை தோறும் இரண்டு பஸ் மாறிப் போய் சீனிச்சம்பல் பணிஸ் வாங்குகிறேன். பத்துக் கேட்டால் பதினொன்று போட்டுத் தருவா. நான் ஆர் என்று தெரியும், ஒரு சொல் கதைக்கமாட்டா.

நான் சாப்பிடுகிறதில்லை, எனக்குச் சீனி வருத்தம். இவருக்கு வயிற்றுப் புண். யூட்டின் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், அவைக்கு இருமல் என்று மருமகள் திருப்பித் தந்துவிட்டாள். செபக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன், அன்றைக்கென்று பார்த்துப் பதினாலு பேரும் ஒருசந்தி, பச்சைத் தண்ணியும் பல்லிலே படாது என்றினம். கோழிகளுக்குத்தான் போட்டேன். நல்லாய் முட்டை இடுகுது.

இந்தா, இந்தப் பையிலே இருக்கிறது இன்றைக்குச் சுட்டது. கையை வைத்துப் பாருங்கோ, இன்னும் சூடு ஆறவில்லை. ஆஸ்பத்திரிச் சந்தியும் வரப்போகுது. ஒன்றை எடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கோ, பிள்ளை.